பாடும் வாவியும் பழங்கருவிகளும்

மட்டக்களப்பு நகரத்தையும் கல்லடியையும் இணைக்கும் பழைய இரும்புப் பாலம் 1924ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. அந்நாளைய தேசாதிபதி மானிங்கின் துணைவியார் பெயரால் அதனை லேடி மானிங் பாலம் என்று அழைத்தனர். நிலவு காலும் இரவில், காற்றடங்கிய வேளையில், அப்பாலத்தை அண்டித் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி, மறுமுனையைக் காதோடு பொருத்திக் கேட்போருக்கு நீரின் அடியிலிருந்து ஓர் இன்னொலி எழுவது கேட்கும் என்பது அப்பகுதியார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. மட்டக்களப்பு ‘மீன்பாடும் தேனாடு’ என்று பெயர் பெற்றது இதனாலேயே. நேயர்களுள் இப்பெயரைக் கேளாதார் எவரும் இரார்.

எனினும், அங்கே பாடுவது யாது? மீனா, சிப்பியா, ஊரியா? பாட்டு எவ்விடத்திலிருந்து எழுகின்றது? ஒரு செக்கனில் எத்தனை அதிர்வுகள்? வாவியைப் புகழ்ந்து எழுதப்பட்ட பக்கங்கள் பல. இவ்வினாக்களுக்கு அளந்து கூறப்பட்ட விடைகளோ மிகச் சில. பாடும் உயிர் இன்னதென்று ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படவுமில்லை. இவற்றுக்கு விடை காண வேண்டிய கருவிகள் ஒரு காலத்தில் பேரரசுகளின் கடற்படைகளிடமும் பெருநிறுவனங்களிடமும் மட்டுமே இருந்தன. இன்று அவற்றுட் பல, உரியவர்களாலேயே கழிக்கப்பட்டு, பழம்பொருட் கடைகளில் நிறுத்து விற்கப்படுகின்றன. அவற்றை வாங்கிச் செப்பனிட்டுப் பயன்படுத்தும் பொழுதுபோக்காளர் கூட்டமொன்று உலகெங்கும் உண்டு. அவர்தம் கைவினைக்கும் கல்லடி வாவிக்கும் என்ன தொடர்பு என்பதை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

வாவியின் ஒலியைப் பற்றி விரிவாக எழுதிய ஆங்கிலேயருள் முதன்மையானவர் இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக விளங்கிய சேர் எமேர்சன் தெனன்ற் ஆவார். 1848ஆம் ஆண்டு மட்டக்களப்புக்கு வந்த அவர் இரவிலே தோணியேறிச் சென்று அவ்வொலியைத் தம் செவியாலேயே கேட்டார். ஒலி ஒன்றாயிராது பலவாக இருந்தது என்றும், தோணியின் மரத்தில் காதை வைத்தபோது மிகுந்து கேட்டது என்றும், இடம் பெயர்ந்தபோது மாறியும் சிலவிடத்து அறவே மறைந்தும், முன்னிருந்த இடத்துக்கு மீண்டபோது மறுபடி எழுந்தும் நின்றது என்றும் அவர் பதிவு செய்தார். மீனவர் அதனை ஊரியின் ஓசை என்று அவருக்குக் கூறினர். கருவி எதுவுமின்றிச் செவியும் தோணியுமே துணையாகக் கொண்டு செய்த ஆய்வு இது. ஆயினும் அதில் அடங்கிய செய்திகள் இன்றும் பயன்படுவன. இடம் பெயர்ந்தால் ஒலி மாறுகின்றது என்ற குறிப்பு அவற்றுள் தலையாயது. அதனைப் பின்னர்க் காண்போர் அதன் அருமையை உணர்வர்.

இருபதாம் நூற்றாண்டிலே, இயேசு சபைக் குருவாகிய லாங் அடிகளார் நீரினுள் ஒலிவாங்கியை இறக்கி அவ்வொலியைப் பதிவு செய்ய முயன்றவர்களுள் குறிப்பிடத்தக்கவர். அவர் துணையோடு இலங்கை வானொலி 1960களில் வாவியின் ஒலியை நாடு முழுவதும் கேட்கச் செய்தது. துடுப்பின் முனையில் ஒருவர் மாத்திரம் கேட்டதைப் பல்லாயிரவர் தம் வீட்டிலிருந்தே கேட்டனர்.

இவ்விடத்தில் வானொலியின் பிறப்பைப் பற்றிய ஒரு செய்தியையும் கூறுதல் பொருந்தும். இலங்கையில் வானொலியைத் தொடங்கிவைத்தவர் தந்தித் திணைக்களப் பொறியியலாளராகிய எட்வேட் ஹார்ப்பர். முதலாம் உலகப் போரிலே கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புகளைக் கொண்டு, கொழும்பு மத்திய தந்தி நிலையத்தின் சிறு அறையொன்றில் அவரும் அவருடைய கூட்டாளிகளும் பரப்பியொன்றை அமைத்து 1920களின் தொடக்கத்தில் இசைத்தட்டுகளை ஒலிபரப்பினர். ஒழுங்கான சேவை 1925ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியப் படைகளின் பொருட்டு இங்கு நிறுவப்பட்ட வானொலியும் அதன் 100 கிலோவாற்றுச் சிற்றலைப் பரப்பியும் 1949இல் இலங்கை அரசின் கைக்கு வந்தன. இந்திய மண்ணெங்கும் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்டதன் இரகசியங்களுள் அந்தப் பரப்பியும் ஒன்று. ஆகவே, போர் கழித்த கருவியைக் கலைக்கும் அறிவுக்கும் பயன்படுத்தும் மரபு இந்நாட்டுக்குப் புதிதன்று. வானொலியே அம்மரபின் குழந்தைதான்.

போர் முடிந்த காலத்தில் உலகெங்கும் வானொலிப் பொழுதுபோக்காளர் கையில் வந்து சேர்ந்த பொருட்களுள் மிக விரும்பப்பட்டது பி.சி. 221 என்னும் அமெரிக்க மீடிறன்மானி. மீடிறன் என்பது ஒரு செக்கனில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை. இம்மானியின் உள்ளே, செக்கனுக்குப் பத்து இலட்சம் முறை அதிரும் குவாட்சுப் பளிங்கு ஒன்று நடுவராக இருந்தது. ஒவ்வொரு மானியோடும் ஒரு சிறு புத்தகம் வரும். முகப்பிலுள்ள வட்டின் எந்த எண்ணுக்கு எந்த மீடிறன் என்பது அப்புத்தகத்தில் அந்த ஒரு மானிக்கென்றே தனியாக அளந்து எழுதப்பட்டிருக்கும். புத்தகத்தின் இலக்கமும் மானியின் இலக்கமும் ஒன்றாக இருத்தல் வேண்டும். அயலவன் மானியின் புத்தகம் தன் மானிக்கு உதவாது. புத்தகம் தொலைந்த மானியைப் பாதி விலைக்கும் வாங்குவாரில்லை. கருவியின் பெறுமதி அதன் இரும்பிலோ செம்பிலோ இல்லை, அதனை அளந்து எழுதி வைத்தவனின் உழைப்பில் இருக்கின்றது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் வேறில்லை.

பளிங்கு எவ்வாறு நேரத்தைக் காட்டுகின்றது? குவாட்சுப் பளிங்கின் சீவலை அழுத்தினால் அதன் இரு முகங்களிடையே மின்னழுத்தம் தோன்றும். மின்னழுத்தம் கொடுத்தால் சீவல் நெளியும். இவ்வியல்பை 1880ஆம் ஆண்டு பிரான்சிலே கியூரி சகோதரர் கண்டறிந்தனர். சீவலின் வடிவும் தடிப்பும் எத்தன்மையவோ அதற்கேற்ற ஒரு மீடிறனில் அது ஓயாது அதிரும். கைக்கடிகாரத்தினுள் இருக்கும் மிகச் சிறிய பளிங்கு செக்கனுக்கு 32,768 முறை அதிர்கின்றது. இவ்வெண்ணைப் பதினைந்து முறை இரண்டிரண்டாக வகுத்தால் எஞ்சுவது ஒன்று. அதுவே செக்கன் முள்ளை ஓரடி நகர்த்துவது. முதல் உலகப் போரின் இறுதியில் பிரெஞ்சு விஞ்ஞானி லாஞ்சவின் இதே பளிங்கைக் கடலினுள் ஒலியை அனுப்பவும் கேட்கவும் பயன்படுத்தினார். கடிகாரத்தின் இதயமும் நீருக்குள் கேட்கும் காதும் ஒரே குடும்பத்தவை என்பது வாவியின் கதைக்கு மிகவும் இயைந்தது.

பளிங்குக்கு ஒரு குறை உண்டு. வெப்பம் மாறினால் அதன் நடை மாறும். இதனைத் தீர்க்க, பளிங்கை மாறா வெப்பமுள்ள சிறு அடுப்பினுள் அடைத்து வைத்தனர். தொலைபேசி நிலையங்களிலும் கைத்தொலைபேசிக் கோபுரங்களின் அடியிலும் இவ்வகை அடுப்புப் பளிங்குகள் ஆண்டுக்கணக்காக இரவு பகல் ஓய்வின்றி அதிர்ந்து கொண்டிருந்தன. புதிய தொழில்நுட்பம் வந்ததும் அவை கழற்றப்பட்டு விற்பனைக்கு வந்தன. புதிதாக வெட்டிய பளிங்கின் நடை முதல் மாதங்களில் சற்றுச் சற்று நகர்ந்து கொண்டேயிருக்கும். பல்லாண்டு ஓடிய பளிங்கின் நடையோ மிக மெல்லவே நகரும். ஆதலால், இருபதாண்டு உழைத்துக் கழிக்கப்பட்ட பளிங்கு சில வேளைகளில் கடையில் வாங்கிய புதிய பளிங்கினும் நம்பத்தக்கது. முதுமை சிறப்பாகும் பொருட்கள் உலகில் அரியவை. பளிங்கு அவற்றுள் ஒன்று.

பளிங்கினும் மேம்பட்டது அணுக்கடிகாரம். பொழுதுபோக்காளர் கைக்கு எட்டும் அணுக்கடிகாரம் பெரும்பாலும் உருபீடியம் என்னும் உலோக மூலகத்தைக் கொண்டது. சிறு கண்ணாடிக் கலத்தினுள் உருபீடிய ஆவி இருக்கும். அதனூடே உருபீடிய விளக்கின் ஒளி பாயும். செக்கனுக்கு ஏறத்தாழ 683 கோடி முறை அதிரும் நுண்ணலையொன்றை அக்கலத்துள் செலுத்தினால், அலையின் மீடிறன் அணுவின் இயற்கை மீடிறனோடு இம்மியும் பிசகாது பொருந்தும் அக்கணத்தில் ஆவி ஒளியை மிகுதியாக விழுங்கும், மறுபுறம் ஒளி சிறிது மங்கும். அம்மங்கலை விடாது பிடித்துக்கொள்ளுமாறு மின்சுற்று தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். அவ்வளவே. அணுக்கடிகாரம் என்றதும் கதிர்வீச்சு என்று அஞ்சுவோர் உளர். இதில் அணு பிளக்கப்படுவதில்லை, அஞ்சவும் காரணமில்லை. உண்மையில் அஞ்ச வேண்டியவை வேறு. பழைய அலைவுகாட்டியின் திரைக்குழாய்க்கு ஊட்டும் ஈராயிரம் வோல்ற்று மின்னழுத்தம், ஆளியை மூடிய பின்னும் அதன் மின்தேக்கிகளில் பதுங்கியிருக்கும். போர்க்கால மானிகள் சிலவற்றின் ஒளிரும் எண்களில் இரேடியம் பூசப்பட்டிருக்கும். அவற்றைச் சுரண்டுதல் ஆகாது.

கழித்த கருவிகளைக் கொண்டு பொழுதுபோக்காளர் எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்பதற்கு ஒரு சான்று போதும். 2005ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொம் வான் பாக் என்னும் கடிகார ஆர்வலர், தாம் திரட்டி வைத்திருந்தவற்றுள் மூன்று சீசிய அணுக்கடிகாரங்களைக் குடும்ப வண்டியில் ஏற்றி, பிள்ளைகளோடு ரெயினியர் மலையில் இரண்டு இரவு தங்கித் திரும்பினார். வீட்டிலே நின்ற கடிகாரங்களோடு ஒப்பிட்டபோது, மலைக்குச் சென்றவை ஏறத்தாழ 22 நானோசெக்கன் முந்தியிருந்தன. நானோசெக்கன் என்பது செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கு. ஈர்ப்பு குறைந்த உயரத்தில் காலம் சற்று விரைந்து செல்லும் என்று ஐன்ஸ்டைனின் கொள்கை கூறுவதும் ஏறக்குறைய அவ்வளவே. பல்கலைக்கழகமில்லை, அரசின் மானியமில்லை. விடுமுறைச் சுற்றுலா ஒன்றிலே அது நிகழ்ந்தது.

இனி வாவிக்கு மீள்வோம். பாட்டின் இடத்தைக் காண்பது அடிப்படையில் நேரத்தை அளக்கும் வேலையே. நீரில் ஒலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் செல்லும். மூன்று இடங்களில் நீரொலிவாங்கிகளை இறக்கி வைத்தால், எங்கோ எழும் ஒரே ஒலி மூன்றையும் மூன்று வெவ்வேறு கணங்களில் அடையும். முதலிரண்டின் நேர வேறுபாடு, ஒலி பிறந்த இடம் ஒரு வளைகோட்டின் மேல் எங்கோ உள்ளது என்று கூறும். மூன்றாவது அக்கோட்டை மற்றொரு கோட்டால் வெட்டும். வெட்டும் இடமே பாடகனின் இருப்பிடம். முதலாம் உலகப் போரில் வில்லியம் லோரன்ஸ் பிராக் முதலியோர் பகைவரின் பீரங்கி நின்ற இடத்தை இவ்வழியாலேயே கண்டுபிடித்தனர். பீரங்கியைத் தேடிய கணக்கு மீனையும் தேடித் தரும்.

ஆனால் மூன்று பதிவுப் பெட்டிகளின் கடிகாரங்களும் ஒத்துச் செல்லாவிடின் கணக்கு முழுவதும் வீணாகும். சாதாரணக் கைக்கடிகாரப் பளிங்கு பத்து இலட்சத்தில் இருபது பங்கு பிழைபடக் கூடும். மாலை தொடங்கி விடியும்வரை பத்து மணி நேரத்தில் அப்பிழை 0.72 செக்கனாகும். அந்நேரத்தில் ஒலி செல்லும் தூரம் 1,080 மீற்றர். பாலத்தின் நீளத்தையே விஞ்சிய பிழை இது. அத்தகைய கடிகாரத்தோடு பாடகனைத் தேடினால் அவன் கரையேறித் தென்னந்தோப்பினுள் இருந்து பாடுவதாகவும் விடை வரலாம். அடுப்புப் பளிங்கு பத்துக் கோடியில் ஒரு பங்கே பிழைபடுவதாகக் கொண்டால், அதே இரவில் பிழை அரை மீற்றரளவு. உருபீடியம் ஆயிரங் கோடியில் ஒரு பங்கு பிழைபடுமாயின், ஐந்து மில்லிமீற்றர்.

அப்படியானால் உருபீடியத்தையே வாவியில் இறக்கலாமே என்று தோன்றும். அது சரியன்று. உருபீடியக் கடிகாரம் மின்சாரத்தைத் தாராளமாக உண்ணும். அதன் வெப்பமும் மிகுதி. மூடிய பெட்டியில், சிறு பற்றரியை நம்பி அதனை அனுப்புதல் யானையைக் கட்டித் தீனி போடும் வேலை. அதற்குரிய இடம் கரையிலுள்ள மேசை. அங்கே அது நடுவராக அமர்ந்து, இறங்கப்போகும் பளிங்குகளின் நடையைச் சோதித்துச் சொல்ல வேண்டும். மேலும் பழைய உருபீடியக் கடிகாரத்தின் விளக்கு நாளடைவில் தளரும். ஆகையால் வாங்குவோர் முதலில் பார்ப்பது விளக்கின் நிலையைத்தான்.

செய்மதிகள் இருக்கும்போது இத்துணைத் தொல்லை எதற்கு என்று கேட்போரும் உண்டு. கேள்வி நியாயமானது. இடங்காட்டும் செய்மதிகளில் அணுக்கடிகாரங்கள் உள்ளன. சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள ஏற்பி ஒன்று அவற்றின் நேரத்தைச் செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கினும் நுட்பமாகத் தந்துவிடும். கரையிலும் பாலத்தின் மேலும் அதுவே போதும். நீரின் அடியிலோ அச்செய்மதி அலை புகாது. உவர்நீர் வானொலி அலைகளை மிக விரைவில் விழுங்கிவிடும். அடியில் கிடக்கும் பெட்டி தன் நேரத்தைத் தானே சுமக்க வேண்டும்.

வேறோர் எளிய வழியையும் மறைத்தலாகாது. பாலத்தருகே மாத்திரம் ஆராய்வதாயின், ஒலிவாங்கிகள் எல்லாவற்றையும் நீண்ட கம்பிகளால் ஒரே பதிவுக் கருவியில் இணைத்துவிடலாம். ஒரே கருவி, ஒரே கடிகாரம். ஒத்துச் செல்லாமை என்ற பேச்சுக்கே இடமில்லை. நுட்பமான கடிகாரம் கையில் இருக்கின்றது என்பதற்காகவே அதனைப் பயன்படுத்துவது பொழுதுபோக்காளரிடம் உள்ள ஒரு நோய். அறுபது கிலோமீற்றருக்குச் சற்றே குறைந்த நீளமுடைய இவ்வாவியில், கம்பி எட்டாத இடங்களிலும் பாட்டு உண்டா என்று தேடப் புகும்போதுதான் தனிக்கடிகாரம் இன்றியமையாததாகும்.

அணுக்கடிகாரம் வாங்க வசதியில்லாதவர் மனந்தளர வேண்டியதில்லை. அமெரிக்கா, சீனா ஆகிய நாடுகளின் நேர நிலையங்கள் சிற்றலையில், செக்கனுக்கு ஒரு கோடி அதிர்வு கொண்ட அலையை இடைவிடாது பரப்பி வருகின்றன. தன் பளிங்கின் அலையை அதனோடு கலந்து கேட்டால், இரண்டும் சிறிது வேறுபடும்போது ஒலி விம்மி விம்மித் தணியும். செக்கனுக்கு ஒரு விம்மல் என்றால் பிழை கோடியில் ஒரு பங்கு. இரு நரம்புகளைச் சுருதி கூட்டும் இசைவாணர், விம்மல் அடங்கும்வரை முறுக்காணியைத் திருப்புவதில்லையா? அதே செயல்தான் இதுவும். வானின் உயரத்திலுள்ள அயன மண்டலத்தில் தெறித்து வருவதால் அலையே சிறிது தடுமாறும். எனவே இம்முறையில் கோடியில் ஒரு பங்குக்கு மேல் நுட்பத்தை எதிர்பார்த்தல் கூடாது. அவ்வளவு பிழை ஓர் இரவில் ஐந்து மீற்றரை ஒட்டி வரும். பாடகன் பாலத்தின் எந்தத் தூணடியில் இருக்கின்றான் என்று சொல்ல அது போதுமானது.

நரம்பும் சுருதியும் பேசும்போது கல்லடியோடு பிணைந்த ஒரு பெயரை விட்டுச் செல்ல இயலாது. கல்லடி உப்போடையில் 1929ஆம் ஆண்டு சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியவர் சுவாமி விபுலாநந்தர். அவருடைய சமாதியும் அவ்விடத்தேதான் உள்ளது. தமிழ்ப் பேராசிரியர் என்றே அவரைப் பலரும் அறிவர். அவர் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி என்பதையும் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தவர் என்பதையும் மறந்துவிடுவர். 1947இல் வெளிவந்த அவரது யாழ் நூல், மறைந்துபோன தமிழிசைக் கருவிகளின் சுரங்களை எண்ணும் விகிதமுமாகக் கணக்கிட்டு மீட்க முயன்றது. வாவியின் ஒலியையும் அவர் நீரர மகளிரின் இசையாகப் பாடினார். பாட்டாகக் கேட்பதும் எண்ணாக அளப்பதும் அவரிடத்தில் பகையாக நிற்கவில்லை.

பாட்டின் மீடிறனை அளப்பதனால் வரும் பயன் யாது? சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஓரத்திலுள்ள சோசலிற்றோ என்னும் ஊரில் படகு வீடுகளில் வாழ்ந்தோர், 1980களில் கோடைதோறும் இரவிலே எழுந்த பெரும் இரைச்சலால் உறக்கமிழந்தனர். கழிவுநீர்ப் பம்பி என்றனர் சிலர். இராணுவத்தின் மறைவான சோதனை என்றனர் வேறு சிலர். முடிவில் அது ஒருவகைத் தேரை மீனின் ஆண், பெண்ணை அழைக்கும் குரல் என்று தெரியவந்தது. அம்மீன் தன் காற்றுப்பையைச் சூழ்ந்த தசையைச் செக்கனுக்கு ஏறத்தாழ நூறு முறை துடிக்கச் செய்து அக்குரலை எழுப்புகின்றது. நீரின் வெப்பம் உயர்ந்தால் தசையின் துடிப்பும் விரையும்; குரலின் மீடிறனும் உயரும். ஆகவே கல்லடியில் ஒரே இடத்தின் ஒலியைப் பல இரவுகள் பதிந்து, நீரின் வெப்பத்தையும் உடன் குறித்து வந்தால், மீடிறன் வெப்பத்தோடு ஏறி இறங்குகின்றதா என்பது தெரியும். ஏறி இறங்குமாயின் உயிரின் தசை அங்கே வேலை செய்கின்றது என்பதற்கு அது வலிய சான்று. பாலத்தூணில் நீர் மோதுவதால் எழும் ஒலியாயின் அது நீரோட்டத்தைத் தொடர்ந்து மாறும், வெப்பத்தை அன்று. இதற்கு அணுக்கடிகாரம் வேண்டியதில்லை. நல்ல பளிங்கும் பழைய அலைவுகாட்டியும் போதும். தெரிந்த மீடிறனை ஒரு திசையிலும் வாவியின் ஒலியைக் குறுக்குத் திசையிலும் ஊட்டினால், இரண்டும் ஒத்த கணத்தில் திரையில் சுழன்றுகொண்டிருக்கும் வளையம் அசையாது நின்றுவிடும்.

தெனன்ற் கண்ட மாற்றத்துக்கும் இங்கே ஒரு விளக்கம் கிடைக்கக் கூடும். ஆழமற்ற நீரில், ஆழத்தின் நான்கு மடங்கினும் நீண்ட ஒலியலை தொலைவு செல்லாது அடங்கிவிடும் என்பது ஒலியியல் கண்ட உண்மை. மூன்று மீற்றர் ஆழமுள்ள நீரில் பன்னிரண்டு மீற்றருக்கு மேற்பட்ட அலைகள், அதாவது செக்கனுக்கு 125 அதிர்வினும் தாழ்ந்த ஒலிகள், பிறந்த இடத்தை அண்டியே மடியும். தோணி சிறிது நகர்ந்ததும் ஒலி மறைந்து, மீண்டதும் திரும்பக் கேட்டது இதனால் ஆகலாம். துடுப்பு செய்யும் உதவியும் இத்தகையதே. நீரிலிருந்து காற்றுக்கு ஒலியின் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்களவே கடக்கும். மரமோ ஒலியைப் பெற்றுக்கொள்வதில் நீரோடு ஒத்தது. மீனவர் துடுப்பைக் காதில் வைத்ததிலே மூடநம்பிக்கை ஒன்றுமில்லை. அது செலவற்ற நல்லதோர் அளவுக் கருவி.

இவ்வேலைக்குக் காலம் தாழ்த்தலாகாது என்பதற்கும் காரணம் உண்டு. 2013ஆம் ஆண்டு பழைய பாலத்தின் பக்கத்தே அகன்ற புதிய பாலம் திறக்கப்பட்டது. அதன்மேல் வண்டிகள் ஓடும் அதிர்வு தூண்கள் வழியாக நீரிலும் இறங்கும். இயந்திரப் படகுகளின் இரைச்சலும் உண்டு. முன்போல் இப்பொழுது பாட்டுக் கேட்பதில்லை என்று முதியோர் கூறுவதுண்டு. பாடுவது குறைந்ததா, கேட்பதற்கான அமைதி குறைந்ததா? இரண்டும் ஒன்றல்ல. முன்னதாயின் வாவியின் உயிர்வாழ்வுக்கே தீங்கு நேர்ந்துள்ளது. பின்னதாயின் நள்ளிரவுக்குப் பின் சில மணி நேரம் மாத்திரம் பதிந்தாலே பாட்டு வெளிப்பட்டுவிடும். ஆண்டுதோறும் ஒரே இடத்தில், ஒரே கருவியால், ஒரே மாதங்களில் எடுத்த பதிவுகள் இருந்தாலன்றி இவற்றைப் பிரித்தறிய வழியில்லை. மழைக்காலத்தில் பாட்டுக் கேளாது என்று கூறுவர். ஆதலால் சித்திரை முதல் ஆவணிவரையுள்ள பூரணை இரவுகளே தொடங்குவதற்கு ஏற்றவை.

பெட்டிகளை இறக்குமுன் செய்ய வேண்டிய ஒன்றைக் கூறி முடிக்கலாம். மூன்று பெட்டிகளையும் பாலத்தடியில் ஒன்றாகக் கட்டி நீரில் அமிழ்த்தி, அருகிலே வெண்கலப் பாத்திரம் ஒன்றை ஒரு முறை தட்டுதல் வேண்டும். பின்னர் அவற்றைத் தத்தம் இடங்களில் இறக்கி, விடிந்தபின் எடுத்து வந்து, மறுபடி ஒன்றாகக் கட்டி மற்றொரு முறை தட்டுதல் வேண்டும். மாலைத் தட்டும் காலைத் தட்டும் மூன்று பதிவிலும் விழுந்திருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தை ஒவ்வொரு பெட்டியும் எவ்வளவென்று கணக்கிட்டுள்ளது எனப் பார்த்தால், எந்தப் பளிங்கு எத்துணை முந்தியது, எது பிந்தியது என்பது தெரிந்துவிடும். அவ்வேறுபாட்டை இரவு முழுவதற்கும் சமமாகப் பகிர்ந்து கழித்தபின்னரே பாட்டின் இடத்தைக் கணிக்கப் புக வேண்டும். தட்டிய நேரத்தையும் நீரின் வெப்பத்தையும், எந்தப் பெட்டியில் எந்தப் பளிங்கு என்ற இலக்கத்தையும் அவ்விடத்திலேயே, விளக்கு வெளிச்சத்தில், பென்சிலால் எழுதிவிடுதல் நன்று. வாவியின் ஈரத்தில் மை கலையும்.